காரீயமும் பிஸ்மத்தும்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
9 ஜனவரி 1934.

தேவகிருபைக்கு,

கல்லூரி மலர் உனக்கும் வந்திருக்கும். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நம் கட்டுரை. மேலே என் பெயர் மட்டும் இருக்கிறது. நீ மாமாவிடம் சொல்லி, மாமா அம்மாவிடம் சொல்லி, அது ஒரு சண்டையாக என்னிடம் வந்து சேர்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

ஹீலியத்தைத் திரவமாக்கத் தெரிந்த சோதனைச்சாலைகள் உலகத்திலேயே நாலைந்துதான். அவற்றில் ஒன்றுக்கு நம் மாகாணத்திலிருந்து ஒரே ஒருவரை, இரண்டு வருடத்துக்கு, உபகாரச் சம்பளம் கொடுத்து அனுப்பப்போகிறார்கள். ஜூன் மாதம் சென்னையில் நேர்முகத் தேர்வு. விண்ணப்பத்தோடு அச்சான கட்டுரை ஒன்று வேண்டும். அது தனியொருவர் எழுதியதாக இருக்க வேண்டும். இரண்டு பெயர் போட்டிருந்தால் இருவருக்குமே இல்லாமல் போயிருக்கும். எந்தப் பெயரை எடுப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். உன்னைத் தனியாகக் கப்பல் ஏற்றிவிட மாமா சம்மதிப்பாரா? நீயே சொல்.

கணக்குகளைப் போட்டது நீதான். மறுக்கவில்லை. ஆனால் மீக்கடத்தி என்ற ஒன்று இருப்பதை உனக்குச் சொன்னவன் நான். காரீயத்தை அந்தக் கடுங்குளிரில் வைத்தால் மின்தடை அடியோடு அற்றுப்போகிறது, வளையத்தில் ஒருமுறை ஓடவிட்ட மின்சாரம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று நூலகத்து வராந்தாவில் நான் சொன்னபோது, "சும்மா அளக்காதீங்க அத்தான்" என்றாய். அங்கிருந்துதானே எல்லாம் தொடங்கியது.

நான் போய்த் திரும்பியதும் நம் கல்யாணம். பெரியவர்கள் எப்போதோ பேசிவைத்தது. அதன் பிறகு உன் பெயர், என் பெயர் என்று என்ன இருக்கிறது?

காந்தச் சுருளின் கணக்குகள் உள்ள இரண்டாம் நோட்டு உன்னிடம் இருக்கிறது. தேர்வில் அதைத்தான் துருவிக் கேட்பார்கள். அனுப்பிவை.

பால்துரை


ராஜபாளையம்,
12 ஜனவரி 1934.

அத்தான்,

வந்தது. நாற்பத்தொன்று முதல் ஐம்பத்து நான்கு வரை. பதினான்கு பக்கம்.

ஒரு சொல் மாறவில்லை. காரீயம் மீக்கடத்தியாகும் வெப்பநிலை, தனிப் பூச்சியத்துக்கு மேல் 7.2 பாகை. நான் கைமறதியாக 2.7 என்று எழுதியிருந்தேன். அதுவும் அப்படியே அச்சாகியிருக்கிறது. நகல் எடுத்தவர் படிக்கவில்லை.

ஆகவே கட்டுரையில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் உதவும்.

முதல் பகுதி. சுத்தமான உலோகத்தை முதலில் குளிரவைத்து, பிறகு பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் காந்தப்புலம் உள்ளே நுழையாது. காந்தத்தின் நடுவில் வைத்துக் குளிரவைத்தால், ஏற்கெனவே உள்ளே இருந்த புலம் உள்ளேயே உறைந்துவிடும். காந்தத்தை அகற்றினாலும் போகாது. ஒரே உலோகம், ஒரே குளிர், இரண்டு நிலை. எந்த வழியாக வந்தது என்பதை உலோகம் மறப்பதில்லை.

இரண்டாம் பகுதி. சுத்தக் காரீயக் கம்பியில் காந்தச் சுருள் செய்தால், காந்தப்புலத்தின் அளவு அறுநூறு காஸ் எட்டுவதற்குள் அந்தப் புலமே கம்பியின் மீக்கடத்தும் தன்மையைக் கொன்றுவிடும். காரீயத்தோடு பிஸ்மத்தைக் கலந்தால் பதினையாயிரம் காஸ் வரை தாங்குகிறது என்று அளந்திருக்கிறார்கள். அந்தக் கம்பியில் சுருள் செய்து இரு முனைகளையும் சேர்த்துவிட்டால், மேற்கொண்டு மின்சாரம் கொடுக்காமலே நிற்கும் ஒரு பெருங்காந்தம். சுருளின் அளவு, சுற்றுகள், கம்பியின் தடிமன். ஏழு மாதக் கணக்கு.

மலரை அப்பாவிடம் காட்டினேன். பஞ்சாலையிலிருந்து வந்த கையோடு, எண்ணெயைத் துடைத்துவிட்டு வாங்கினார்.

"பதினாலு வருசமா ஜின்னிங் இஞ்சினை ஓட்டுதேன். அதுல எவன் பேரு அடிச்சிருக்குன்னு இன்னும் பாத்ததில்ல. ஓடுதா, அம்புட்டுப் போதும்."

"அந்த இஞ்சினை நீங்க செய்யலியேப்பா."

"அதுஞ்சரிதான்" என்றார். குளிக்கப் போய்விட்டார்.

உபகாரச் சம்பள விதிகளை நானும் எழுதி வரவழைத்தேன். விண்ணப்பிப்பவர் ஆணாக இருக்க வேண்டும் என்று ஒரு வரியிலும் இல்லை. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் டிசம்பர் 31. மலர் எனக்குக் கிடைத்தது ஜனவரி 4. நீங்கள் எழுதியது 9.

நோட்டு என்னிடம் இருக்கிறது.

தேவகிருபை


ஸ்ரீவில்லிபுத்தூர்,
3 பிப்ரவரி 1934.

தேவகிருபைக்கு,

தேதிகளை வரிசையாக அடுக்கி எழுதுகிறாய், வக்கீல் நோட்டீசு போல. உன்னோடு படித்தவனுக்கு, உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு எழுதுகிற கடிதமா அது? படித்துவிட்டு அன்று வகுப்பில் பிள்ளைகளைக் காரணமில்லாமல் அடித்தேன்.

நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் அமிலம், காரம், லிட்மஸ் தாள் என்று சொல்லிக்கொண்டே கிழவனாகிவிடுவேன் என்று நினைக்கும்போது தூக்கம் வருவதில்லை. உனக்கு அந்தப் பயம் இருக்காது. உனக்கு எப்படியும் ஒரு குடும்பம் அமையும், அதில் ஒரு வேலை இருக்கும். எனக்கு இது ஒன்றுதான். இதை விட்டால் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மா உங்கள் வீட்டுக்கு வருகிறாள். அவளிடம் நோட்டைக் கொடுத்துவிடு. கொடுக்காவிட்டால் நானே வந்து மாமாவிடம் கேட்பேன். கேட்டால் அவர் உன் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். அது உனக்கும் தெரியும்.

அப்படி நடக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

பால்துரை


ராஜபாளையம்,
20 பிப்ரவரி 1934.

அத்தான்,

அத்தை வந்தார்கள். பெரிய தூக்குச்சட்டியில் அதிரசம். நோட்டுக்கு மாற்றாகவோ என்னவோ.

"ஏட்டி, என்னமோ நோட்டை ஒளிச்சு வச்சிருக்கியாமே. அது என்ன, நகைப்பெட்டியா?"

"அதைவிட மேல், அத்தை."

"எம்புட்டு மேலா இருந்தாலும் நாளைக்கு எங்க வீட்டுக்குத்தான வரப்போவுது. செத்த முன்னால வரட்டுமே. அவன் சோறு திங்க மாட்டேங்கான்."

"திங்காம இருந்தா கப்பல்ல வாந்தி வராது அத்தை."

அப்பா சிரித்துவிட்டார். பிறகு என்னைத் திட்டினார். அத்தை வெறுங்கையோடு போனார்கள்.

இது வேறு விஷயம். நம் பத்திரிகைக் குழுவின் பொட்டலம் போன மாதம் எனக்கு வந்தது. ஜனவரி 30ஆம் தேதி கட்டி, அடுத்த பெயர் உங்களுடையது என்பதால் உங்களுக்கு அனுப்பினேன். லண்டன் விஞ்ஞான வாரப் பத்திரிகையின் ஐந்து இதழ்கள். நம் கல்லூரிப் பேராசிரியர் வகுத்த விதிப்படி ஏழு நாளில் படித்து, பொட்டலத்தின் மேல் செருகியிருக்கும் சீட்டில் "படித்தேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். எட்டுப் பேரையும் சுற்றிவிட்டு அது சென்னையில் அவரிடமே திரும்பும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நேராகப் பதில் சொல்லுங்கள். அந்த இதழ்களைப் படித்தீர்களா?

தேவகிருபை


ஸ்ரீவில்லிபுத்தூர்,
6 மார்ச் 1934.

தேவகிருபைக்கு,

படித்தேன். ஐந்தையும் படித்தேன். நமக்கு ஆகிற மாதிரி ஒன்றும் இல்லை. வால் நட்சத்திரம், மீன்களின் செவுள், யாரோ ஒரு பிரபுவின் மரணச் செய்தி. படித்துவிட்டு அன்றே பியூன் சிவனாண்டியிடம் கொடுத்துத் தபாலில் சேர்த்துவிட்டேன். இதையெல்லாம் விசாரிக்க நீ எனக்குத் தலைமையாசிரியரா?

நோட்டு.

பால்துரை


ராஜபாளையம்,
19 மார்ச் 1934.

அத்தான்,

நோட்டை இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் அப்பாவிடம் வர வேண்டியதில்லை.

பத்திரிகைக் குழுப் பட்டியலில் உங்களுக்கு அடுத்தவளான இன்பம் பாளையங்கோட்டையிலிருந்து எழுதியிருந்தாள். பொட்டலம் அவளுக்கு வந்து சேர்ந்ததாம். அதைப் படித்த பிறகுதான் நோட்டை அனுப்பத் தோன்றியது.

தேர்வில் என்ன கேட்பார்கள் என்று யோசித்து, ஐந்து கேள்விகளும் ஐந்து பதில்களும் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முக்கியமானது மூன்றாவது. காந்தத்தின் நடுவில் குளிரவைத்த சுத்த உலோகம் என்ன செய்யும் என்று கேட்பார்கள். தயங்கக் கூடாது. "இருக்கலாம்", "தோன்றுகிறது" என்றெல்லாம் சொன்னால் எழுதியவர் நீங்கள் இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். புலத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும், நிச்சயம், என்று சொல்லுங்கள். உலோகம் தான் வந்த வழியை மறப்பதில்லை என்று முடியுங்கள். கட்டுரையின் முதல் பகுதி முழுக்க அந்த வாக்கியத்தில் இருக்கிறது.

தைரியமாகப் போய்வாருங்கள்.

தேவகிருபை


ஸ்ரீவில்லிபுத்தூர்,
2 ஜூன் 1934.

அன்புள்ள தேவகிருபைக்கு,

நோட்டை எடுக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைச் சொல்ல இரண்டரை மாதம் ஆகியிருக்கிறது. நீ இப்படி இறங்கி வருவாய் என்று நான் நினைக்கவில்லை. ஐந்து பதில்களும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நேற்று அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது, "உலோகம் மறப்பதில்லை" என்று சொல்லியிருக்கிறேன். "நீ சாப்பிட மறக்காம இருந்தாச் சரி" என்றாள்.

தையற்கடை அசன் முகம்மது கோட்டு தைத்துக் கொடுத்தார். "மாப்பிள்ளைக் கோட்டா, கப்பல் கோட்டா வாத்தியாரே?" என்று கேட்டார். இரண்டுக்கும் ஒன்றே என்றேன். "அப்பம் ஒரு விரக்கடை தளர்வா வைக்கேன். ரெண்டு வருசம் வெள்ளைக்காரன் சோறு, பொறவு பொண்டாட்டி சோறு" என்றார்.

11ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு. அங்கே போய் முதல் கட்டுரை எழுதும்போது உன் பெயரையும் சேர்ப்பேன். இதைச் சும்மா சொல்லவில்லை.

பால்துரை


ராஜபாளையம்,
5 ஜூன் 1934.

அத்தான்,

கடிதம் வந்தது.

இதை நான்காவது தடவையாக எழுதுகிறேன். முதல் மூன்றும் அடுப்பில் போயின. அவற்றில் ஒரு விஷயம் இருந்தது. இதில் இல்லை.

"சேர்ப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் பெயரை நீங்கள் சேர்ப்பது. அந்தச் சொல்லைப் படிக்கும்வரை எனக்குக் கொஞ்சம் மனம் இளகியிருந்தது.

ரயிலில் ஜன்னலோரம் உட்காராதீர்கள். கோட்டில் கரி படியும்.

தேவகிருபை


ஸ்ரீவில்லிபுத்தூர்,
13 ஜூன் 1934.

தேவகிருபைக்கு,

நீ தெரிந்துகொண்டுதான் செய்தாய்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். தலைவர் வெள்ளைக்காரர். ஓரத்தில் நம் பேராசிரியர். பாதி நேரம் வரை நன்றாகவே போனது. சுருளைப் பற்றி உன் நோட்டிலிருந்து சொன்னேன், தலைவர் குறிப்பெடுத்தார். பிறகு பேராசிரியர் அந்தக் கேள்வியைக் கேட்டார். காந்தத்தின் நடுவே குளிரவைத்த வெள்ளீயம் என்ன செய்யும்?

புலத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும் என்றேன்.

"தோராயமாகவா, நிச்சயமாகவா?"

"நிச்சயம். உலோகம் தான் வந்த வழியை மறப்பதில்லை."

அதைச் சொன்னபோது என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

அவர் கோப்பிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். எட்டுப் பெயர்கள், எட்டுத் தேதிகள்.

"இது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"படித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன படித்தீர்கள்?"

எனக்கு அந்த வால் நட்சத்திரம்கூட நினைவு வரவில்லை. அது நான் கற்பனையாக உனக்கு எழுதியதுதானே. அவரே இதழைப் பிரித்து வாசித்தார். போன குளிர்காலத்தில் பெர்லினில் செய்த சோதனை. காந்தத்தின் நடுவில் வைத்து வெள்ளீயத்தையும் காரீயத்தையும் குளிரவைத்திருக்கிறார்கள். அந்தக் குளிர் எட்டியதும் உலோகம் உள்ளே இருந்த புலத்தை வெளியே தள்ளிவிட்டதாம். எந்த வழியாக வந்தாலும் ஒரே முடிவு. அரைப் பக்கம்கூட இல்லை. அந்த அரைப் பக்கத்தில் உன் முதல் பகுதி ஒழிந்தது.

தலைவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

நான் சொல்லிவிட்டேன். கட்டுரை என்னுடையது அல்ல, என் மாமன் மகள் எழுதியது, தவறு அவளுடையது என்று. அதற்கு நான் ஏன் நிற்க வேண்டும்?

எனக்கு இடம் இல்லை. அன்று மாலையே சொல்லிவிட்டார்கள்.

பால்துரை


ராஜபாளையம்,
17 ஜூன் 1934.

அத்தான்,

டிசம்பரிலிருந்து ஜூன் 11 காலை பத்தரை மணி வரை கட்டுரை உங்களுடையது. தவறு என்று தெரிந்த நிமிடம் என்னுடையது. திருப்பிக் கொடுப்பதற்கு நல்ல நேரம் பார்த்தீர்கள்.

ஆமாம், தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

பொட்டலத்தை நான் கட்டுகிற முறை உங்களுக்குத் தெரியாது. கயிற்று முனையை முடிச்சுக்குள் செருகி நீல நூலால் ஒரு தையல் போடுவேன். பிரித்தால் நூல் அறும். இன்பம் எழுதியிருந்தாள்: "உன் நூல் அப்படியே வந்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் மூக்கால் படிப்பாரோ?" உங்கள் கடிதத்தில் படித்தேன் என்று இருந்தது. சீட்டிலும் படித்தேன் என்று இருந்தது. படித்திருந்தால் தேர்வில் ஜெயித்திருப்பீர்கள். தவறை நீங்களே சொல்லித் திருத்தியிருக்கலாம். அவர்கள் மெச்சியிருப்பார்கள்.

நான் எதையும் ஒளிக்கவில்லை. விதிப்படி கட்டினேன், விதிப்படி அனுப்பினேன், படித்தீர்களா என்று கேட்கவும் செய்தேன். ஐந்து பதில்களை எழுதினதுதான் விதியில் இல்லாதது. மூன்றாவதை எழுதும்போது ஒரு சொல்லைக்கூட அடித்துத் திருத்தவில்லை. திருத்துவேன் என்று எதிர்பார்த்தேன்.

அந்த அரைப் பக்கத்தைப் படித்த அன்று நான் பாடம் நடத்தும் பள்ளிக்கு விடுப்பு எழுதினேன். காய்ச்சல் என்று. ஏழு மாதம் நான் நம்பியது அது. பெர்லினில் யாரோ இரண்டு பேர் அளந்து பார்த்தார்கள், முடிந்தது. கோபம் வரவில்லை. அவர்கள் செய்தது அழகாக இருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. விளங்கிக்கொள்ளக்கூடிய ஆள் ஏழு மைலுக்குள் ஒருவர்தான். அவரிடம் சொல்ல முடியவில்லை.

இதற்காகத்தான் உங்களை மன்னிக்க முடியவில்லை. பெயருக்காகக்கூட இல்லை.

இப்போது நீங்கள் லிட்மஸ் தாளோடு இருங்கள்.

தேவகிருபை


ஸ்ரீவில்லிபுத்தூர்,
3 ஜூலை 1934.

தேவகிருபைக்கு,

இத்துடன் ஓர் உறை இருக்கிறது. அரக்கு உடையவில்லை என்பதைப் பார்த்துக்கொள். நான் பிரிக்காமல் அனுப்புவதில் கெட்டிக்காரன் என்று நீதான் கண்டுபிடித்தாய்.

தேர்வு முடிந்த அன்று பேராசிரியர் என்னை வெளியே வந்து பிடித்தார். தோளில் கை வைத்து, "தப்பா எழுதுறது தப்பில்லை தம்பி. எழுதாததை எழுதினேன்னு சொல்றதுதான்" என்றார். பிறகு இந்த உறையைக் கொடுத்தார். கட்டுரையை எழுதியவர் ஜூன் 30ஆம் தேதிக்குள் தனக்கு எழுதினால், குழு அவரைப் பற்றி யோசிக்கும் என்றார். சுருளின் கணக்கு தலைவருக்குப் பிடித்திருந்ததாம். "நானே தபாலில் அனுப்பலாம். ஆனா நீங்க கையில கொண்டுபோய்க் கொடுக்கறதுதான் முறை. அது உங்களுக்கும் நல்லது" என்றார். நல்ல மனிதர். என்னை நம்பினார்.

கொண்டுவந்தேன். 13ஆம் தேதி உனக்குக் கடிதம் எழுதும்போது உறை மேசைமேல் இருந்தது. அன்றே அனுப்ப நினைத்தேன், உண்மையாகவே. காலையில் அனுப்பலாம் என்று வைத்தேன். பிறகு உன் 17ஆம் தேதிக் கடிதம் வந்தது. லிட்மஸ் தாளோடு இருக்கச் சொன்னாய். இருந்தேன். முப்பதாம் தேதி வகுப்பில் ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் எண்ணினேன். கடைசி மணிக்குப் பிறகு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதலாம். எழுதமாட்டேன். நீயும் அப்படிச் சாக்கு எழுதவில்லை.

நான் கப்பல் ஏறவில்லை என்றானதும் அம்மா கல்யாணத்தை ஆகஸ்டிலேயே வைத்துவிடச் சொல்கிறாள். மாமாவும் சரி என்றிருக்கிறார். இரண்டு ஊர் வேதக்கோயில் சபையிலும் கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்று ஞாயிறு வாசிக்கக் கொடுத்தாயிற்று. எனக்கும் மறுப்பு இல்லை. நம் இருவருக்கும் இனி வேறு யார் கிடைப்பார்கள்?

பால்துரை


ராஜபாளையம்,
16 ஜூலை 1934.

பால்துரை அவர்களுக்கு,

உறையைப் பிரித்தேன். ஒரு பக்கம்தான். முதல் பகுதி தவறு என்று ஒரு வரி. தவறுக்கு வந்துசேர்ந்த கணக்கில் பிழை இல்லை என்று ஒரு வரி. இரண்டாம் பகுதி முதலாவதன் மேல் நிற்கவில்லை, தனியாக நிற்கிறது. கலப்பு உலோகம் காந்தப்புலத்தை என்ன செய்கிறது என்று இன்னும் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அந்தச் சுருளை யாராவது செய்து பார்க்க வேண்டும், கணக்குப் போட்டவரே செய்வது நல்லது. இரண்டு வரி எழுதினால் போதும் என்று முடித்திருக்கிறார்.

அன்றே எழுதினேன். 11ஆம் தேதி பதில் வந்தது. ஜூலை 2ஆம் தேதி இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். மறுபடி எப்போது என்று சொல்ல முடியாதாம். மன்னிக்கும்படி கேட்டிருக்கிறார். அவர் எதற்கு?

சில நாள் யோசித்தேன். பிப்ரவரியில் நான் வாயைத் திறந்திருந்தால் நீங்கள் கப்பல் ஏறியிருப்பீர்கள், இந்த உறையே உண்டாகியிருக்காது. நான் உங்களைக் கவிழ்த்ததால்தான் எனக்கு ஒரு கதவு திறந்தது. அதைச் சாத்தும் வேலையும் உங்கள் கைக்கே வந்தது. நாம் இருவரும் ஒருவருக்கொருவர் செய்துகொண்டது இவ்வளவு ஒழுங்காக அமைந்ததில் எனக்கு ஒரு அருவருப்பு. ஆனாலும் கோபம் குறையவில்லை.

இனிக் கல்யாணம்.

8ஆம் தேதி எங்கள் சபையில் முதல் ஓலை வாசித்தார்கள். உங்கள் பெயர், உங்கள் அப்பா பெயர், என் பெயர், என் அப்பா பெயர். இவர்களைச் சேர்த்துவைப்பதற்குத் தடை அறிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்ல வேண்டும் என்று குரு கேட்டார். கேட்டுவிட்டுச் சபையைப் பார்த்தபடி நின்றார். ஒரு குழந்தை இருமியது. நேற்று இரண்டாம் ஓலை. அப்போதும் கேட்டார், நின்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தேதி கேட்கவில்லை, சம்மதம் கேட்கவில்லை. நான் சொல்லப் போனால், "அவிய பெரியவிய பேசிக்கிடுதாக, நீ உள்ள போ" என்கிறார்கள். கோயிலில்தான் முதல் தடவையாகக் கேட்கிறார்கள். என்னை அல்ல, எல்லோரையும். அந்த எல்லோரில் நானும் ஒருத்தி. ஓலையில் பெயர் உள்ளவள் எழுந்திருக்கக் கூடாது என்று சட்டம் உண்டா என்று குருவின் மனைவியிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அப்படி ஒன்று இல்லையாம். யாரும் செய்ததும் இல்லையாம். தடை சொன்னால் ஓலை அங்கேயே நின்றுவிடுமாம்.

22ஆம் தேதி மூன்றாம் ஓலை. அத்தை மம்சாபுரத்து உறவுக்காரர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், முடிந்ததும் எங்கள் வீட்டில் சாப்பாடு. குரு கேட்டு முடித்ததும் எழுந்திருப்பேன். கட்டுரையைச் சொல்வேன். உறையைச் சொல்வேன், எத்தனை நாள் உங்கள் மேசையில் இருந்தது என்பதையும். நான் எழுதிக்கொடுத்த ஐந்து பதில்களையும் சொல்வேன். என் பங்கை விட்டுவிட்டுச் சொன்னால் மற்றதும் பொய்யாகிவிடும். அதற்குப் பிறகு இந்த ஊர்ப் பள்ளியில் என்னை வைத்திருப்பார்களா என்பது சந்தேகம். அதையும் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

காந்தமும் காரீயமும் அவர்களுக்கு விளங்காது. ஒருத்தி செய்ததை ஒருவர் தன் பெயரில் எடுத்துக்கொண்டார் என்பது விளங்கும்.

அன்று ராஜபாளையம் பக்கமே வராமல் இருந்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். நீங்கள் இல்லாவிட்டால் நான் சொல்வது மட்டும்தான் ஊரில் நிற்கும். மறுக்க விரும்பினால் நேரில் மறுக்க வேண்டும். அதனால் வருவீர்கள்.

அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாருங்கள். முன் பெஞ்சில் உட்காருங்கள். எங்கள் கோயிலில் கூரை மிக உயரம். என் குரல் பின்வரிசை வரை எட்டாது.

தேவகிருபை